ஐரிஸ் வளர்க்கப் புகுவோருக்கு எந்த நூல்?

ஜூலை பிறந்ததும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஐரிஸ் பண்ணைகளில் கிழங்கு தோண்டும் வேலை மும்முரமாகிவிடும். பூத்து முடிந்த தூர்களைக் கிளறி எடுத்து, மண்ணை உதறி, இலையை முக்கால் பங்கு நறுக்கி, பெயர்ச்சீட்டு கட்டி, அட்டைப்பெட்டியில் அடைத்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். தாவரவியலார் மட்டநிலத்தண்டு என்று சொல்லும் அந்தக் கிழங்கு பார்ப்பதற்கு நம் இஞ்சியை ஒத்திருக்கும். மண்ணும் நீரும் இல்லாமல் இரண்டு வாரம் தாங்கும். பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் புதிதாய் வாங்கியவருக்கு நூலின் நினைவு வருகிறது. எவ்வளவு ஆழம், எந்த மண், எப்போது தண்ணீர்?

நூலகத்தில் கிடைத்த முதல் நூல், கிழங்கின் முதுகு வெயிலில் தெரியும்படி மேலாக நடச் சொல்லும். அடுத்த நூல் ஓர் அங்குல மண்ணால் மூடச் சொல்லும். ஒன்று சுண்ணாம்பு இடு என்கிறது, இன்னொன்று சுண்ணாம்பு பட்டால் செடி மஞ்சளித்துச் செத்துவிடும் என்கிறது. ஒன்று குளக்கரையில் நடச் சொல்கிறது, மற்றொன்று நீர் தேங்கினால் அழுகும் என்று எச்சரிக்கிறது. இவற்றில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றும் வேறொரு செடியைப் பற்றி, வேறொரு மண்ணில் நின்று எழுதப்பட்டது. ஐரிஸ் நூலைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது: படத்தையும் புகழையும் பார்க்கும் முன், அந்த நூல் எந்த ஊர் மண்ணின் அனுபவம், எந்த ஐரிஸைப் பற்றியது என்று பார்த்துவிட வேண்டும்.

ஐரிஸ் பேரினத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் உள்ளன. எல்லாம் வடகோளத்துக்கு உரியவை. மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவு, துருக்கியின் மேட்டுநிலம், சைபீரியப் புல்வெளி, ஜப்பானின் சேற்று நிலம், மிசிசிப்பி கழிமுகத்துச் சதுப்பு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்களில் பிறந்தவை. வீட்டுத் தோட்டத்துக்கு வருபவற்றை நான்கைந்து கூட்டங்களாகப் பிரிக்கலாம். தொங்கும் இதழின் நடுவே பஞ்சுபோன்ற மயிர்க்கற்றை உடையவை தாடி ஐரிஸ். கடையில் அதிகம் விற்பவை இவைதாம். வெயிலும் வடிகாலும் இவற்றுக்கு உயிர். கோடையில் மண் காய்ந்து கிடந்தாலும் கவலைப்படாது, ஈரம் தேங்கினால் மட்டும் மெல்லழுகல் நோய் பிடித்துக் கிழங்கு நாற்றத்துடன் கூழாகிவிடும். சைபீரிய ஐரிஸுக்குத் தாடி கிடையாது. சற்றே புளிப்பான, ஈரம் காக்கும் மண்ணைக் கேட்கும். ஜப்பானிய ஐரிஸ் இன்னும் பிடிவாதக்காரி: அமில மண் வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும், சுண்ணாம்பும் எலும்புத் தூளும் ஆகாது, ஒருமுறை வளர்ந்த பாத்தியில் சில ஆண்டுகளுக்கு மறுபடி நடக்கூடாது. லூயிசியானா ஐரிஸ் சதுப்பில் பிறந்தது. குமிழத்திலிருந்து முளைக்கும் ரெட்டிகுலேட்டா, டச்சு ஐரிஸ் வகைகளை இலையுதிர் காலத்தில் நட வேண்டும். மற்றவற்றோடு இவற்றின் நாட்காட்டியே பொருந்தாது.

இதனால்தான் பொதுவான தோட்டக்கலைக் களஞ்சியங்கள் ஐரிஸ் விஷயத்தில் புதியவரைக் கைவிடுகின்றன. ரோஜாவுக்கு ஒரு பக்கம், ஐரிஸுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கும் நூலில் இத்தனை கூட்டங்களும் ஒரே பத்தியில் நெருங்கி நிற்கும். படிப்பவர் ‘ஈரம் பிடிக்கும்’ என்ற சொல்லை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு தாடி ஐரிஸுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார். பெட்டியில் வந்த செடி எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் நூல் வாங்கப் போவது வீண் வேலை. பெயர்ச்சீட்டில் வகுப்பைக் குறிக்கும் சுருக்க எழுத்துகளை விளக்காத நூல் தொடக்கக்காரருக்கு ஆகாது. தாடி ஐரிஸிலேயே உயரத்தையும் பூக்கும் காலத்தையும் வைத்து ஆறு வகுப்புகள் உண்டு. குட்டையானது 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும், நெட்டையானது 70 சென்டிமீட்டரைத் தாண்டும். இந்த வகுப்பு தெரியாமல் நட்டால் பாத்தியின் முன்வரிசையில் நெட்டையும் அதன் நிழலில் குட்டையும் நிற்கும். குட்டைக்கு வெயில் போதாமல் பூவே இராது.

அடுத்து ஊர். இதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூல் வாங்குவோர் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஐரிஸின் முதல் எதிரி ஒரு புழு. ஐரிஸ் துளைப்பான் என்பார்கள். மாக்ரோநாக்டுவா ஒனுஸ்டா என்பது அதன் அறிவியல் பெயர். இலையுதிர் காலத்தில் பழுப்பு அந்துப்பூச்சி வந்து, காய்ந்து தொங்கும் இலைகளில் முட்டையிட்டுப் போகும். பனிக்காலம் முழுவதும் முட்டை அங்கேயே கிடக்கும். வசந்தத்தில் மயிரிழை பருமனில் புழு வெளிவந்து புதுத் தளிரில் ஊசித்துளை போட்டு நுழையும். இலைக்குள்ளாகவே கீழிறங்கி, கோடையில் கிழங்கைச் சென்றடைந்து, விரல் பருமனுக்குக் கொழுத்து, கிழங்கை உள்ளேயே குடைந்து தின்னும். அது போட்ட வழியில் அழுகல் நோய் புகுந்துகொள்ளும். ஒஹாயோவிலோ நியூயார்க்கிலோ ஐரிஸ் வளர்ப்பவர், இலையுதிர் காலத்தின் முடிவில் காய்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதிச் சண்டை முடிந்தது.

இந்தப் புழு ஐரோப்பாவில் இல்லை. ராக்கி மலைகளுக்கு மேற்கேயும் அதனால் தொல்லை இல்லை. ஆகவே லண்டனில் அச்சான மிக நல்ல ஐரிஸ் நூலிலும் அதன் பேச்சு இருக்க வேண்டிய தேவையில்லை. அங்கே பூச்சி, நோய் பற்றிய அத்தியாயம் முழுவதையும் நத்தையும் இலைப்புள்ளி நோயும்தான் பிடித்திருக்கும். பிரிட்டிஷ் நூல்களின் அச்சும் படமும் அழகு. அமெரிக்க வாசகர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் பென்சில்வேனியாவில் இருப்பவர் அந்த ஒரு நூலை மட்டும் நம்பினால் மூன்றாம் ஆண்டு கோடையில் வாடும் இலைகளைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுவார். கடையில் நூலைக் கையில் எடுத்ததும் நான் செய்யச் சொல்வது இது: பின்பக்கத்துச் சொல்லடைவைத் திறந்து துளைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எத்தனை பக்கம் என்றும் பாருங்கள். நூலின் ஊர் அங்கே தெரிந்துவிடும்.

ஆழம் பற்றிய பூசலும் ஊர்ப் பூசல்தான். இங்கிலாந்தின் மங்கலான வெயிலில் கிழங்கு வெந்து போகாது. மாறாக, அடுத்த ஆண்டு பூமொட்டு உருவாக அந்தச் சூடு கிழங்குக்குத் தேவை. அதனால் முதுகை வெளியே விடச் சொல்கிறார்கள். டெக்சாஸில் அப்படி நட்டால் ஆகஸ்டு வெயில் கிழங்கைச் சுட்டுவிடும். மெல்லிய மண் போர்வை அவசியம். அதேபோல மாதங்கள். வடகோளத்தில் தாடி ஐரிஸைப் பிரித்து நடுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆஸ்திரேலியாவில் அக்டோபரில் பூக்கும், ஆண்டு முடிவிலிருந்து மார்ச் வரை பிரித்து நடுவார்கள். மெல்பர்னில் இருப்பவர் அமெரிக்க நூலைப் படிக்கும்போது ஆறு மாதம் கூட்டிக்கொள்ளலாம்தான்; ஆனால் உறைபனி பற்றியும் பனிக்கால மூடாக்கு பற்றியும் வரும் பக்கங்களை எதனோடு கூட்டுவது? சிட்னி அருகே நாற்றுப்பண்ணை நடத்திய கிரேம் குரோஸ்வெனர் 1984-இல் ‘குரோயிங் ஐரிசஸ்’ என்றும் 1997-இல் ‘ஐரிஸ்: ஃபிளவர் ஆஃப் தி ரெயின்போ’ என்றும் எழுதியவை அந்த மண்ணில் இருப்பவர்க்கு லண்டன், நியூயார்க் நூல்கள் எல்லாவற்றையும்விட மேலானவை.

நூலின் வயதும் முக்கியம். ஆனால் பழையதெல்லாம் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஐரிஸ் நூலில் சில பகுதிகள் சீக்கிரம் முதுமையடைகின்றன, சில பகுதிகளுக்கு மூப்பே இல்லை. கிழங்கைப் பிரிப்பது, வடிகால் அமைப்பது, தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து நோய் வரும் என்பது, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தூரைக் கலைத்து நடாவிட்டால் பூ குறையும் என்பது எல்லாம் 1927-இல் அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் முதல் தலைவர் ஜான் விஸ்டர் தம் நூலில் எழுதிய காலத்தில் எப்படியோ இன்றும் அப்படியே.

முதலில் சாவது ரகப் பட்டியல். கலப்பின வளர்ப்பாளர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய ரகங்களைப் பதிவு செய்கிறார்கள். 1940-களின் தொடக்கத்தில் இல்லினாயின் டேவிட் ஹால் முதலியோர் சிவந்த தாடியுள்ள உண்மையான இளஞ்சிவப்பு ஐரிஸ்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய நூலில் இளஞ்சிவப்பு என்று சொல்வதெல்லாம் ஊதா சார்ந்த ரோஜா நிறம்தான். 30 ஆண்டு பழைய நூல் ‘தலைசிறந்த நூறு’ என்று கொடுக்கும் பட்டியலில் பலவற்றை இன்று எந்தப் பண்ணையும் விற்பதில்லை. தேடி அலைந்து மனம் சலிப்பவர்கள் உண்டு. பழைய ரகங்களைக் காப்பதற்கென்றே அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் கிளையாக ஓர் அமைப்பு இயங்குவதால் சில கிடைக்கவும் செய்யும்.

அடுத்து மருந்துப் பகுதி. இது வெறும் பழமை மட்டுமில்லை, ஆபத்தும்கூட. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நூல்கள் துளைப்பானுக்கு டிடிடி தூவச் சொல்கின்றன. அமெரிக்கா 1972-இல் அதைத் தடை செய்தது. அந்நூல்களுக்கும் முந்தியவை அழுகலுக்குப் பாதரச உப்புக் கரைசலில் கிழங்கை முக்கச் சொல்லும். பின்னால் வந்தவை டைமெத்தோயேட்டைப் பரிந்துரைத்தன. அதுவும் வீட்டுத் தோட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. பழைய நூலைக் கையில் எடுக்கும் புதியவர் அந்த அத்தியாயத்தை மட்டும் ஒட்டிவைத்துவிட்டுப் படிப்பது நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு மாற்றம், நீர்நிலை ஓரத்து மஞ்சள் ஐரிஸ் பற்றியது. ஐரிஸ் சூடகோரஸ் என்னும் அந்த ஐரோப்பிய இனத்தைப் பழைய நூல்கள் புகழ்ந்து தள்ளும்: எந்தச் சேற்றிலும் வரும், கவனிப்பே வேண்டாம், தானே பரவும். தானே பரவியதுதான் வினையாயிற்று. ஓடைக்கரைகளை அடைத்து உள்ளூர்ச் செடிகளை விரட்டியதால் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட மாநிலங்கள் அதன் விற்பனையைத் தடுத்திருக்கின்றன, வாஷிங்டன் மாநிலம் அதைக் களைப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. பழைய நூலின் பரிந்துரையை நம்பித் தோழியின் குளத்திலிருந்து ஒரு துண்டு வாங்கி நடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றியும் ஒன்று. படச்சுருள் காலத்து வண்ணப்படங்களில் நீல ஐரிஸ் நீலமாக வராது. அப்பூக்கள் நம் கண்ணுக்கு ஏறக்குறைய எட்டாத அடர்சிவப்பு எல்லை ஒளியையும் எதிரொளிக்கின்றன. கண் விட்டுவிடுகிற அந்த ஒளியைப் படச்சுருள் பிடித்துக்கொண்டது. விளைவு, வான நீலம் ஊதாவாக அச்சாகும். 1960, 70, 80-களின் நூலைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்களுக்கு இதுதான் காரணம். பூவின் நிறத்தை நூலில் பார்த்து முடிவு செய்வதைவிட மே மாதத்தில் ஒரு பண்ணைக்கோ நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் 1927 முதல் இருந்துவரும் பிரெஸ்பி ஐரிஸ் தோட்டத்துக்கோ போய்ப் பார்ப்பது மேல்.

இனி நூல்கள். பெரியவற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நூலகத்தில் முதலில் கண்ணில் படுபவை அவையே.

வில்லியம் ரிக்கட்சன் டைக்ஸ் எழுதிய ‘தி ஜீனஸ் ஐரிஸ்’ 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது. டைக்ஸ் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஆசிரியர். கேம்பிரிட்ஜின் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் ஆண்டுக்கணக்கில் ஐரிஸ் வளர்த்து எழுதிவைத்த குறிப்புகள் அவருக்குக் கிடைத்தன. தம் தோட்டத்தில் இனம் இனமாக விதை போட்டு வளர்த்துப் பார்த்தார். அதே பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஃபிராங்க் ரவுண்ட் உயிருள்ள பூவை முன்னால் வைத்து வரைந்த 47 வண்ணத் தட்டுகள் நூலில் உள்ளன. 1925-இல் சாலை விபத்தில் டைக்ஸ் இறந்தார். அவர் பெயரால் 1927 முதல் வழங்கப்படும் டைக்ஸ் பதக்கம்தான் ஐரிஸ் உலகின் உச்சப் பரிசு. இந்த நூலை யாரும் வணங்காமல் இருக்க முடியாது; ஒரு பள்ளி ஆசிரியர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமிதமே உண்டாகிறது. டோவர் நிறுவனம் 1970-களில் மறுபதிப்புச் செய்ததால் பழைய நூல் கடைகளில் கிடைக்கும். ஆனால் இது காட்டு இனங்களின் ஆய்வு. பெட்டியில் வந்த தாடி ஐரிஸ் கலப்பினத்துக்கு இதில் இடமில்லை. ஐந்தாம் ஆண்டில் வாங்க வேண்டிய நூல்.

பிரையன் மேத்யூவின் ‘தி ஐரிஸ்’ (1981) டைக்ஸின் வாரிசு. கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய மேத்யூ, துருக்கி, ஈரான் மலைகளில் ஐரிஸை அதன் பிறப்பிடத்திலேயே பார்த்தவர். பேரினத்தை ஆறு துணைப்பேரினங்களாக அவர் பிரித்த முறையே அதன்பின் வந்த நூல்களுக்கு அடித்தளம். அழகான, சிக்கனமான எழுத்து. இதுவும் இனங்களைப் பற்றியதே. பிரிட்டிஷ் ஐரிஸ் சங்கத்தின் காட்டு இனங்கள் பிரிவு 1997-இல் கொண்டுவந்த இனங்களுக்கான வழிகாட்டி, பல வளர்ப்பாளர்களின் கைப்பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டதால் வளர்ப்புக் குறிப்பில் மேத்யூவைவிடக் கூடுதலாகத் தருகிறது. வகைப்பாடு பின்னரும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பெலம்கண்டா என்ற தனிப்பெயரில் இருந்த, செம்மஞ்சளில் புள்ளியிட்ட பூவை 2005-இல் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று இந்தப் பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய நூல்களில் அதை ஐரிஸ் என்ற பெயரில் தேடுவது பயனில்லை.

அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-இல் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் கூடித் தொடங்கப்பட்டது. அது கொண்டுவந்த பெருநூல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1959-இல் கார்னெல் பல்கலைக்கழகத் தாவரவியலார் எல். எஃப். ராண்டால்ஃப் பதிப்பித்த ‘கார்டன் ஐரிசஸ்’ ஒன்று. 1978-இல் பீ வார்பர்ட்டனும் மெல்பா ஹாம்பிளனும் பதிப்பித்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐரிசஸ்’ மற்றொன்று. வார்பர்ட்டன் மாசசூசெட்ஸ்காரர், ஹாம்பிளன் யூட்டாவில் வாழ்ந்தவர். ஈரமான கிழக்கும் வறண்ட மேற்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதிப்பித்த நூல் என்பதாலேயே அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு கூட்டத்தையும் அதில் கைதேர்ந்தவர் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 500 பக்கம். வரலாறு, மரபியல், கலப்பு செய்யும் முறை எல்லாம் உண்டு. முதல் ஆண்டில் இதைத் திறந்தால் மூச்சு முட்டும். சொந்தமாக விதை போட்டுப் பார்க்கும் ஆசை வந்தபிறகு இதைப் போன்ற ஆசான் வேறில்லை.

தொடக்கக்காரர் கையில் வைக்க வேண்டியது எது? அமெரிக்காவில் தாடி ஐரிஸ் வளர்ப்பவர் என்றால் கெல்லி நாரிஸின் ‘எ கைட் டு பியர்டெட் ஐரிசஸ்’ (2012) என்பேன். நாரிஸின் பதினைந்தாம் வயதில் அவர் குடும்பம் ஓர் ஐரிஸ் பண்ணையை வாங்கி அயோவாவுக்குக் கொண்டுவந்தது; கிழங்கு தோண்டி, பிரித்து, பெட்டி கட்டி வளர்ந்த இளைஞரின் நூல் இது. தாடி ஐரிஸை விட்டு அவர் வெளியே போவதில்லை. அந்த அடக்கம்தான் நூலின் பலம். ஆறு வகுப்புகளையும் தனித்தனியே பிரித்துச் சொல்கிறார். நெட்டை ரகங்களையே எல்லாரும் கொண்டாடும் உலகில், குட்டை ரகங்களுக்கும் நடுத்தர ரகங்களுக்கும் அவர் கொடுக்கும் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. காற்றடிக்கும் ஊரில் சாயாமல் நிற்பவை அவைதாம், சிறு தோட்டத்துக்கும் அவையே பொருந்தும். அதன் ரகப் பட்டியலும் மூப்படைந்துகொண்டுதான் வருகிறது, வளர்ப்புப் பகுதி அப்படியில்லை.

பிரிட்டனில் இருப்பவருக்கு ஜெஃப் ஸ்டெபிங்ஸின் ‘தி கார்டனர்ஸ் கைட் டு குரோயிங் ஐரிசஸ்’ (1997). தாடி உள்ளவை, இல்லாதவை, குமிழ வகை எல்லாவற்றையும் சமநிலையோடு சொல்லும் நூல். இன்னும் சிறியது போதும் என்பவருக்குச் சிட்னி லின்னெகரும் ஜெனிஃபர் ஹியூவிட்டும் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி வரிசையில் எழுதிய சிறு கையேடு இருக்கிறது. மெலிந்த நூல்களை நாம் இளப்பமாகப் பார்க்கிறோம். மழைக்காலத்தில் சேற்றுக்கையோடு புரட்ட அந்த மெலிந்த நூல்தான் உதவும்; பெரிய படநூலைத் தோட்டத்துக்கு யாரும் எடுத்துச் செல்வதில்லை.

படநூல் என்றால் கிளேர் ஆஸ்டினின் ‘ஐரிசஸ்: எ கார்டனர்ஸ் என்சைக்ளோபீடியா’ (2005). ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டினின் மகள் இவர். ரகம் ரகமாகப் படமும், உயரமும், வளர்த்தவர் பெயரும், ஆண்டும் கொடுக்கிறார். ஆசையை மூட்டுவதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆசையை மூட்டுவது வேறு, கிழங்கைக் காப்பாற்றுவது வேறு. முதல் நூலாக இதை வாங்கியவர் கையிலிருக்கும் பணத்துக்கெல்லாம் கிழங்கு வாங்கிவிட்டு, எப்படி நடுவது என்று கேட்டுக்கொண்டு நிற்பார். மோலி பிரைஸ் 1966-இல் எழுதிய ‘தி ஐரிஸ் புக்’ இதற்கு நேர் எதிர். படம் குறைவு, பேச்சு நிறைவு. பாத்தி அமைப்பது முதல் பூவைப் போட்டிக்குக் கொண்டுபோவது வரை ஒரு மூத்த தோழி பக்கத்தில் நின்று சொல்வது போன்ற நடை. மருந்துப் பகுதியை விலக்கினால் இன்றைக்கும் அது நல்ல நூல். பழைய நூல் கடையில் மலிவாகக் கிடைத்தால் விடவேண்டாம்.

எந்த நூலிலும் நான் முதலில் தேடுவது ஒரு கோட்டோவியத்தை. தோண்டி எடுத்த தூரை எங்கே வெட்டுவது, பூத்துக் கிழடுதட்டிய தாய்க்கிழங்கை எப்படி விலக்குவது, எந்தப் பக்கக் கிழங்கை வைத்துக்கொள்வது என்று காட்டும் ஓவியம். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கத்தில் கிளைத்த கிழங்கிலிருந்தே வரும். இந்த உண்மை புரியாதவர், பூத்து முடிந்த நடுக்கிழங்கையே பத்திரமாக நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். பத்து சொற்களில் குழப்புவதை நல்ல ஓவியம் ஒரு பார்வையில் தெளிவாக்கும். நூறு பூப்படங்கள் இருந்தும் இந்த ஓவியம் இல்லாத நூலை நான் தொடக்கக்காரருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

தாடி ஐரிஸுக்கு வெளியே ஆசை போகிறவர்களுக்கு அந்தந்தக் கூட்டத்துக்கென்று தனி நூல்கள் உண்டு. வியப்பு என்னவென்றால், இந்தச் சிறப்பு நூல்கள் பல நேரங்களில் பொதுநூல்களைவிடப் புதியவருக்கு எளியவை. சொல்ல வேண்டிய செடி ஒன்றே என்பதால் முரண் இல்லை.

கரியர் மெக்யூவன் எழுதிய ‘தி ஜாப்பனீஸ் ஐரிஸ்’ (1990), ‘தி சைபீரியன் ஐரிஸ்’ (1996) இரண்டும் இப்படிப்பட்டவை. மெக்யூவன் மூட்டுவாத மருத்துவர், நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் ஐரிஸில் இறங்கினார். மூட்டுவாத மருத்துவருக்கு நன்கு பழகிய கோல்சிசின் என்ற மருந்துக்குக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் ஆற்றலும் உண்டு. அதை முளைவிட்ட விதைகளில் பயன்படுத்தி, இதழ் தடித்த, தண்டு உறுதியான நான்மடிய சைபீரிய ஐரிஸ்களை உருவாக்கினார். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே கோல்சிசின்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் அதன் விதையை இந்த மருந்துக்காகவே விளைவிக்கிறார்கள். மஞ்சளும் வெள்ளையுமான ‘பட்டர் அண்ட் ஷுகர்’ என்ற மெக்யூவனின் சைபீரிய ரகம் 1976-இல் பதிவானது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மெக்யூவன் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில் 101 வயது வரை வாழ்ந்தார். மருத்துவர் நோயாளிக்கு விளக்குவது போன்ற தெளிவு இவர் நூல்களில் இருக்கிறது: எதைச் செய், ஏன் செய், செய்யாவிட்டால் என்ன ஆகும். மெய்னின் குளிரில் எழுதப்பட்டவை என்பதை மட்டும் தெற்கே இருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வெப்பமான ஊர்க்காரர்களுக்கு மேரி கைலெட்டும் ஜோசப் மெர்ட்ஸ்வைலரும் பதிப்பித்த ‘தி லூயிசியானா ஐரிஸ்’. 1988-இல் முதல் பதிப்பு. 1920-களில் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் ஜான் ஸ்மால் லூயிசியானாச் சதுப்புகளைப் பார்த்து வியந்து, எண்பதுக்கு மேற்பட்ட புதிய இனங்கள் என்று விவரித்தார். உள்ளூர் உயிரியலார் பெர்சி வியோஸ்கா 1935-இல், அவற்றில் பெரும்பாலானவை இயற்கையாக விளைந்த கலப்பினங்கள் என்று எடுத்துக்காட்டினார். இன்று ஐந்து இனங்களே எண்ணப்படுகின்றன. இந்த வரலாற்றை அந்நூல் சொல்லும்போது, சதுப்பை நாள்தோறும் பார்த்தவரின் கண்ணுக்கு உள்ள மதிப்பு விளங்குகிறது. தாடி ஐரிஸ் அழுகிச் சாகும் வளைகுடாக் கரையோரத்தில் வசிப்பவர், வேறு நூல்களோடு போராடுவதைவிட இதை வாங்கிச் செடியையே மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது 2000-இல் டிம்பர் பிரஸ் வெளியிட்ட இரண்டாம் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரகங்களின் பகுதியில் பன்னிரண்டு ஆண்டு பின்தங்கியது.

ரகத்தின் பெயரும் வயதும் பற்றிய ஐயத்துக்கு நூலை நம்பவே வேண்டாம். அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1939-இல் ஒரு பெரும் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதி வருகிறது, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஆண்டுப் பதிவேடு உண்டு. பாட்டி வைத்துவிட்டுப் போன, பெயர் மட்டும் தெரிந்த செடிக்கு விடை தேடுபவர் கையில் எடுக்க வேண்டியது அதைத்தான். உள்ளூர்ச் சங்கம் இருந்தால் இன்னும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் தங்கள் தோட்டத்தில் மிஞ்சிய கிழங்குகளை விற்பார்கள். அந்த ஊர் மண்ணில் பிழைத்து நிற்கும் ரகம் எது என்பது அந்த மேசையைப் பார்த்தாலே தெரியும், அங்கே நிற்பவரிடம் எந்த நூலைப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டுவிடலாம்.